பழைய அட்மின்

நாரணாபுரம் ரோட்டில் 'வெள்ளிமின்னல் ஃபயர் ஒர்க்ஸ்' நடத்திவந்த ஜெயச்சந்திரன் அண்ணாச்சிக்குப் பேர் மேல் இருந்த பிரியம் சோற்றின் மேல்கூட இருந்ததில்லை. தன் பேர், கம்பெனிப் பேர், இரண்டில் ஒன்று பார்க்கிற இடத்தில் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். கோயில் அன்னதானத்துக்கு அண்டா கொடுத்தால் அண்டாவின் வயிற்றில் பேர். பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு கொடுத்தால் பிள்ளைகள் முதுகு சாய்க்கிற பலகையில் பேர். பெயிண்ட் காய்வதற்குள் பெஞ்சு வகுப்புக்குப் போய்விட்டதால், ஒரு வாரம் ஊர்ப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையின் முதுகில் 'மின்னல்' என்று இடவலம் மாறிய எழுத்தோடு திரிந்தார்கள். கல்யாண மண்டபத்துக்கு மின்விசிறி கொடுத்தபோது இறக்கைக்கு ஒரு சொல்லாகப் பேரைப் பிரித்து எழுதச் சொன்னார். சுற்றினால் படிக்க முடியாது என்பது மாட்டிய பிறகுதான் தெரிந்தது. அதனால் அவர் மண்டபத்துக்குள் நுழைந்தால் மானேஜர் ஓடிப்போய் அந்த விசிறியை மட்டும் நிறுத்துவார். சித்திரை வெயிலில் அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் அண்ணாச்சியின் பேரை ரொம்ப நாள் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

சும்மா வந்த பிரியம் இல்லை அது. வாலிபத்தில் ஓர் அச்சகத்துக்காக லேபிள் ஆர்டர் பிடித்துச் சைக்கிளில் அலைந்தவர் அவர். ஊரில் உள்ளவர்கள் பேரையெல்லாம் நாலு கலரில் அச்சடித்துக் கொடுத்துக் கொடுத்து, நம் பேரையும் இப்படி ஒரு நாள் வழவழப்பான தாளில் பார்க்க வேண்டும் என்று ஆசை பிறந்தது. அவர் கம்பெனியில் முதலில் வந்தது லேபிள்தான். அதை ஒட்டுவதற்கு ஏதாவது வேண்டுமே என்றுதான் வெடி பிறகு வந்தது.

அவருக்கு ஒரே மகள், சுகிர்தா. கம்ப்யூட்டர் எஞ்சினியரிங் படித்தாள். கல்லூரியில் கடைசி வருஷம் இருக்கும்போது கம்பெனிக்கு ஓர் இணையதளம் கட்டிக் கொடுத்தாள். 'வெள்ளிமின்னல் டாட் காம்' என்ற பேரை வாங்கியதும் அவள்தான். முதல் நாள் அவள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டியபோது அண்ணாச்சி கேட்டார்:

"அமெரிக்காவுல அடிச்சாலும் நம்ம பேரு வருமா?"

"வரும்ப்பா."

"ஆப்பிரிக்காவுல?"

"அங்கனயும் வரும்."

அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை. வயிறு நிறைந்துவிட்டது.

அந்த மகள் படிப்பு முடித்து ஒரு வருஷத்தில், வெம்பக்கோட்டைப் பக்கம் மானாவாரி விவசாயம் பார்க்கும் கண்ணுச்சாமி என்பவரின் மகன் புகழேந்தியைக் கல்யாணம் செய்துகொண்டு கோயம்புத்தூர் போய்விட்டாள். பையன் நல்ல வேலையில் இருந்தான், குடிப்பதில்லை, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். ஆனால் வேறு ஆட்கள். அண்ணாச்சிக்கு அது போதுமானதாக இருந்தது. பேர் எழுதுவதில் எவ்வளவு வேகமோ, அழிப்பதிலும் அவ்வளவு வேகம் காட்டினார். ரேஷன் கார்டில் எடுத்தார். கோயில் வரிப் புத்தகத்தில் எடுத்தார். 'சுகிர்தா ஸ்பெஷல்' என்று ஒரு கம்பி மத்தாப்பு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தினார். அச்சாகி வந்திருந்த லேபிளைக் கொளுத்தச் சொல்லிவிட்டு, நல்ல தாள் வீணாகிறதே என்று மனசு கேளாமல், பின்பக்கம் துண்டுச்சீட்டு எழுத வைத்துக்கொண்டார். அவளைப் பற்றி இனி வீட்டிலும் ஆபீஸிலும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று ஓர் உத்தரவும் போட்டார். எல்லாரும் கீழ்ப்படிந்தார்கள். அதாவது, அவர் காதுபட யாரும் பேசவில்லை.

மூன்று தீபாவளி போனது. நான்காவது தீபாவளிக்கு ஆர்டர் சூடு பிடிக்கிற நேரத்தில், ஒரு திங்கட்கிழமை, ஆபீஸ் போன் அடிக்கவில்லை.

சீசனில் போன் அடிக்காமல் இருப்பது சிவகாசியில் நடக்காத காரியம். வெள்ளிமின்னலின் இணையதளத்தைத் திறந்தால் முதலில் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு ஓடும்: கோர்ட் உத்தரவுப்படி ஆன்லைனில் பட்டாசு விற்பனை கிடையாது. அதற்குக் கீழேயே, வேண்டிய பட்டாசைத் தேர்ந்தெடுத்து, எண்ணிக்கை போட்டு, முகவரி கொடுக்கக் கட்டங்களும் ஆபீஸ் போன் நம்பரும் இருக்கும். அதன் பேர் விசாரிப்பு. விசாரித்தவர்களை ஆபீஸிலிருந்து கூப்பிட்டு நலம் விசாரிப்பார்கள். இப்படி ஒருவரையொருவர் விசாரித்தே லோடு லோடாகச் சரக்கு போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு விசாரிக்க நாதியில்லை.

கணக்கு, ஜி.எஸ்.டி., கம்ப்யூட்டர் மூன்றையும் பார்த்துக்கொண்டிருந்த காளீஸ்வரன் இணையதளத்தைத் திறந்து பார்த்தார். அவர் அண்ணாச்சிக்குத் தூரத்துச் சொந்தம். சிவப்பு எழுத்தைக் காணோம், ராக்கெட் படத்தைக் காணோம். அங்கே முடி உதிர்வதைத் தடுக்கும் ஒரு தைலத்தின் விளம்பரம் இருந்தது. மேலே ஆங்கிலத்தில், இந்தப் பேர் விற்பனைக்கு வரக்கூடும் என்று ஒரு வரி இருந்தது. காளீஸ்வரன் தன் தலையை ஒருமுறை தடவிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார்.

"மொதலாளி, நம்ம வெப்சைட் படுத்துருச்சு."

அண்ணாச்சி தன் போனை எடுத்துத் தட்டினார். சிவப்பு எழுத்து ஓடியது. ராக்கெட் இருந்தது.

"நல்லாத்தான இருக்கு? ஏன்யா காலங்காத்தால அபசகுனமாப் பேசுற?"

"என் போன்ல வரலை மொதலாளி."

"போனை மாத்து."

இரண்டு நாள் இதே நிலவரம். அவர் போனில் மட்டும் கம்பெனி ஜோராக நடந்தது. மூன்றாம் நாள் பெல்காமிலிருந்து ஒரு வியாபாரி பழைய நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார். "சேட், நீங்க கம்பெனி மூடிட்டு முடிக்குத் தைலம் விக்கிறீங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார். அன்று சாயங்காலம் விஸ்வநத்தத்தில் கம்பெனி வைத்திருக்கும் மணிகண்டராஜ் வீட்டுக்கே வந்துவிட்டார். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, துக்க வீட்டுக் குரலில் பேசினார்.

"அண்ணாச்சி, வெள்ளிமின்னலைக் குடுக்கப் போறீகன்னு நெட்லயே போட்டிருக்காம். வெளியாளுக்குப் போறதுக்கு முந்தி நமக்குள்ள ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

மறுநாள் காலை அண்ணாச்சி பாலகுருவை வரவழைத்தார். பாலகுரு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பேக்கரி மாடியில் வெப் டிசைன் கடை வைத்திருப்பவன். ஊரில் பாதி வெடி கம்பெனிகளுக்கு இணையதளம் கட்டியது அவன்தான். எல்லாம் ஒரே வீடு, வாசலில் மாட்டும் சாமிப் படம் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சுகிர்தா கட்டியதற்கு வருஷா வருஷம் விலைப்பட்டியல் மாற்றுவதும் அவன் பொறுப்பு.

அவன் அண்ணாச்சியின் போனை வாங்கி, எதையோ அழித்து, திருப்பிக் கொடுத்தான். ராக்கெட் போய்த் தைலம் வந்தது.

"என்னடா பண்ணின?" அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "நல்லா இருந்ததைக் கெடுத்துப்புட்டியே!"

"இல்ல அண்ணாச்சி. உங்க போனு பழசை எடுத்து உள்ள வச்சுக்கிட்டு அதையே காட்டிக்கிட்டு இருந்துச்சு. நெசம் இதான்."

"நம்ம சைட்டை எவன் தூக்குனான்?"

"எவனும் தூக்கலை. கடை அப்பிடியேதான் இருக்கு." பாலகுரு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு ஆரம்பித்தான். "கம்ப்யூட்டருக்குப் பேரெல்லாம் தெரியாது அண்ணாச்சி. அதுக்கு நம்பர்தான். நம்ம சைட்டு இருக்கிற சர்வர் மெசினுக்கு ஒரு நம்பரு, நம்ம போனுக்கு ஒரு நம்பரு. மனுசனுக்கு அம்புட்டு நம்பர் ஞாபகம் இருக்காதுன்னுதான் பேரு வச்சாக. நீங்க பேரை அடிச்சா, அது முதல்ல ஒரு இடத்துல போய், வெள்ளிமின்னல்னா எந்த நம்பருன்னு கேக்கும். அவுக சொன்னாத்தான் இங்கன வரும். இப்பப் போய்க் கேட்டா தைலக்காரன் நம்பரைச் சொல்லி அனுப்பிருதாக."

"ஊர்ல பிறந்த பிள்ளைக்கெல்லாம் என்னையத் தெரியும். அவனுகளுக்குத் தெரியாதாமா?"

"தெரிஞ்சுதான் இருந்துச்சு. வருசத்துக்கு ஒரு தடவை பேரைப் புதுப்பிக்கணும். இந்தத் தடவை புதுப்பிக்கலை."

அண்ணாச்சிக்கு இப்போது விஷயம் பிடிபட்டது மாதிரி இருந்தது. புதுப்பிப்பது அவருக்குத் தெரியாத தொழில் இல்லை. வெடி லைசென்ஸுக்காக நாக்பூருக்கு நடையாய் நடந்தவர்.

"வெடிக்கு நாக்பூரு. இதுக்கு எந்த ஊரு? ஆபீஸைச் சொல்லு, நான் ஆள் வச்சுப் பேசிக்கிடுதேன்."

"இன்டர்நெட்டுக்கு ஆபீஸ் கிடையாது அண்ணாச்சி."

"தலைவர்னு ஒருத்தர் இருப்பாருல்ல?"

"இல்ல."

"சங்கம்கூடவா இல்ல?"

"எல்லாம் அவுகவுக மெசினை அவுகவுக வச்சிருக்காக. ஒருத்தர் மெசின் இன்னொருத்தர் மெசினை நம்புது, அம்புட்டுதான்."

சிவகாசியில் ஐஸ் வண்டி தள்ளுகிறவர்களுக்குக்கூடச் சங்கம் உண்டு, சங்கத்துக்குள் இரண்டு கோஷ்டி உண்டு. தலைவனும் இல்லாமல், சங்கமும் இல்லாமல், கோஷ்டியும் இல்லாமல் உலகம் முழுக்க ஒன்று நடக்கிறது என்றால் அதை நம்பித் தன் பேரை ஒப்படைத்திருக்கவே கூடாது என்று அண்ணாச்சிக்குத் தோன்றியது.

"சரி, வேற பேரு வாங்கு."

"வாங்கலாம். ஆனா இந்த வருசப் பெட்டி பூராவும் பழைய பேரை அடிச்சு வச்சிருக்கீக. காலண்டர்ல இருக்கு. லாரித் தார்ப்பாய்ல இருக்கு."

மண்டபத்து விசிறியிலும் இருந்தது. அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். "அப்ப அதையே புதுப்பி."

பாலகுரு காளீஸ்வரனைப் பார்த்தான். காளீஸ்வரன் சுவரைப் பார்த்தார்.

"யாரு பேர்ல வாங்கியிருக்கோ அவுகதான் புதுப்பிக்க முடியும் அண்ணாச்சி. கொஞ்ச நாள் அவுகளுக்குன்னு நிறுத்தி வச்சிருப்பாக. அந்தக் கெடு தாண்டிட்டா எவன் வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

"யாரு பேர்ல இருக்கு?"

ஆபீஸில் அந்தப் பேரைச் சொல்லக் கூடாது என்பது பாலகுருவுக்கும் தெரியும். காளீஸ்வரன்தான் கைகொடுத்தார்.

"பழைய அட்மின் பேர்ல இருக்கு மொதலாளி."

அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது. முகம் முதலில் சிவந்து, பிறகு பழைய நிறத்துக்கு வர நேரம் பிடித்தது. ரேஷன் கார்டு, வரிப் புத்தகம், லேபிள் என்று தேடித் தேடி அழித்தவர், தன் தலைக்கு மேலே உலகம் பூராவும் அந்தப் பேர் தன் கம்பெனியைத் தாங்கிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை.

"அந்த அட்மினு... இப்ப வேற கம்பெனிக்குப் போயிருச்சுல்ல?"

"ஆமா மொதலாளி. அந்தக் கம்பெனிலயே நிரந்தரமாயிட்டாக."

"கூப்பிட்டுக் கேளு. கம்பெனி சார்பாக் கேளு. என் பேரைச் சொல்லாத."

மதியத்துக்குள் காளீஸ்வரன் திரும்பி வந்தார். அண்ணாச்சி ஏதோ விலைப்பட்டியலைப் படிப்பது போல் வைத்திருந்தார், தலைகீழாக.

"பேசியாச்சு மொதலாளி. வருசா வருசம் அவுகளாத்தான் புதுப்பிச்சுக்கிட்டு இருந்திருக்காக. இந்த வருசம் ஞாபகப்படுத்தி வந்த மெயிலைப் பாக்கலையாம். ஆஸ்பத்திரில இருந்தாகளாம்."

விலைப்பட்டியல் கீழே இறங்கியது. "அட்மினுக்கு உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல." காளீஸ்வரன் தொழில்நுட்ப வார்த்தை ஒன்றைத் தேடி மேலே பார்த்தார். "புது வெர்சன் ஒண்ணு வந்திருக்கு."

அண்ணாச்சி நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே அட்டைப்பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதை ரொம்பக் கவனமாகப் பார்த்தபடி கேட்டார்:

"ஆம்பளை வெர்சனா, பொம்பளை வெர்சனா?"

"பொம்பளைப் பிள்ளை மொதலாளி."

முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"புதுப்பிச்சுத் தாரேன்னு சொல்லிட்டாகல்ல?" என்று கடைசியில் கேட்டார்.

"கம்பெனி மொதலாளிதான் நேரடியாப் பேசணுமாம். அதான் விதிமுறைங்காக."

அண்ணாச்சி காளீஸ்வரனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். கண்ணாடிக் கதவு என்பதால் உள்ளே நடப்பது அத்தனையும் தெரியும். சாத்தியது மரியாதைக்குத்தான். நம்பரைப் போட்டு, மணி அடிக்க ஆரம்பித்ததும் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"வணக்கம், சேவைப் பிரிவு. சொல்லுங்க சார்."

முதல் எழுத்திலேயே அந்தக் குரல் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அது அவர் மனைவி பத்திரகாளியின் மகள் குரலாக இல்லாமல் பேங்க்காரக் குரலாக இருந்ததால், அவரும் முதலாளிக் குரலையே எடுத்துக்கொண்டார்.

"சிவகாசி வெள்ளிமின்னல் கம்பெனில இருந்து பேசுதேன். டாட் காம் விசயமா."

"அந்தப் பேரு யார் பேர்ல பதிஞ்சிருக்கு சார்?"

மூன்று வருஷமாக அவர் வாயில் வராத பேர். தொண்டையைச் செருமினார். "சுகிர்தா."

"இனிஷியல்?"

"ஜெ." சொன்ன பிறகுதான் அது தன் எழுத்து என்று உறைத்தது. "இப்பவும் ஜெ தானா?"

"கேள்வியை நாங்கதான் கேக்கணும் சார். அவங்க உங்களுக்கு என்ன உறவு?"

கண்ணாடிக்கு அந்தப்புறம் காளீஸ்வரனும் பாலகுருவும் ஒரே ஃபைலை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு படிப்பதாகப் பாவனை செய்தார்கள்.

"மக" என்றார் அண்ணாச்சி.

"நன்றி சார். கடைசியா ஒரு பாதுகாப்புக் கேள்வி. அவங்களுக்கு வீட்ல என்ன செல்லப் பேரு?"

"அதெல்லாம் எதுக்கு இங்க?"

"வேற யாராவது நீங்கதான்னு சொல்லி ஏமாத்திரக் கூடாதுல்ல சார்."

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, அழ ஆரம்பித்தால் சத்தம் முதலில் புஸ்ஸென்று மெல்லிசாகக் கிளம்பி, பிறகு வீடு பூராவும் சீறி நிற்கும். சிவகாசியில் புஸ்வாணத்துக்கு உள்ள பேரையே அப்போது அவர் அவளுக்கு வைத்தார். அவர் உதட்டோரமாகச் சொன்னார்.

"கேக்கலை சார். சிக்னல் விட்டு விட்டு வருது."

"பூச்சட்டி!"

ஆபீஸ் முழுக்கக் கேட்டது. சாம்பிள் அறையில் இருந்த அழகுமீனா, முதலாளி அவசரமாக மாதிரி கேட்கிறார் என்று நினைத்து, காலிப் பெட்டிகளை அள்ளிக்கொண்டு கதவைத் திறந்து உள்ளேயே வந்துவிட்டாள். "பூச்சட்டி பெருசு வேணுமா, சிறுசு வேணுமா மொதலாளி?"

அவர் கையை ஆட்டி அவளைப் போகச் சொன்னார். கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். வெடிமருந்து நெடியாக இருக்கும் என்று சாம்பிள் அறைக்குப் போய்ச் சொன்னாள். அந்த ஆபீஸில் மருந்தே கிடையாது.

போனின் அந்தப் பக்கம் பேங்க்காரக் குரல் போயிருந்தது. பிறகு எங்கோ உள்ளறையிலிருந்து ஒரு சத்தம் மெல்லிசாகக் கிளம்பி, சீறி, உயர்ந்து நின்றது.

"அது யாரு?" என்றார்.

"அதுவும் பூச்சட்டிதான்ப்பா." அவள் மூக்கை உறிஞ்சினாள். "காளீஸ்வரன் மாமா கூப்பிட்ட உடனேயே பேரைப் புதுப்பிச்சுட்டேன். அது ஒரு நிமிச வேலை."

"பின்ன எதுக்கு என்கிட்ட இம்புட்டுக் கேள்வி?"

"அது எனக்காகக் கேட்டது."

அண்ணாச்சி குழந்தையின் சத்தம் அடங்கும் வரை காதிலேயே போனை வைத்திருந்தார்.

"உடனே வந்திராதுப்பா. ஒவ்வொரு ஊர்லயும் பழைய பதிலையே ஞாபகம் வச்சிருப்பாங்க. அது மறந்து, புதுசாக் கேட்டுத்தான் மாறும். பொறுங்க."

அப்படித்தான் ஆனது. முதலில் பெல்காம்காரருக்கு வந்தது. அப்புறம் ஹைதராபாத், அப்புறம் விருதுநகர். அண்ணாச்சியின் போனில் மட்டும் இன்னும் தைலம்தான். மறுநாள் மத்தியானம்தான் ராக்கெட் திரும்பியது. அதற்குள் ஆபீஸ் போன் தொண்டை கட்டும் அளவுக்கு அடித்திருந்தது.

அடுத்த வாரம் அவர் ஆபீஸில் ஓர் அறிவிப்பு செய்தார். "நம்ம சர்வர் கோயம்புத்தூர்ல இருக்காம். இப்பிடி அஜாக்கிரதையா விட்டதாலதான் இம்புட்டுச் சிக்கல். நானே ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாரேன்." நிஜத்தில் அது மும்பையில் ஏதோ ஒரு கட்டடத்தில் இருந்தது. பாலகுரு வாயைத் திறக்கப் போனான். காளீஸ்வரன் அவன் காலை மிதித்தார்.

வீட்டில் சொன்னபோது மனைவி பத்திரகாளி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நானும் வாரேன். மருதமலை முருகனைப் பாத்து நாளாச்சு."

"போன மாசந்தான போயி அம்புட்டு நாள் தங்கிட்டு வந்த?"

"அது வேண்டுதல். இது சும்மா."

கோயம்புத்தூரில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் இறங்கியதும் காவலாளி எழுந்து ஓடி வந்தார். "வாங்கம்மா! பெரிய பை வந்திருக்கே, முறுக்கா?" என்று பையை வாங்கிக்கொண்டார். லிஃப்டுக்குள் பத்திரகாளி யாரையும் கேட்காமல் பொத்தானை அழுத்தினாள். அண்ணாச்சி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"மருதமலை முருகன் நாலாவது மாடியிலயா இருக்காரு?"

"மலைன்னா ஏறித்தான போகணும்" என்றாள் அவள், கதவைப் பார்த்தபடி.

தன் வீட்டில், தன் கூரைக்குக் கீழே, தான் மாதாமாதம் கட்டணம் கட்டும் வைஃபையில், மூன்று வருஷமாக மத்தியானந்தோறும் அடுப்படியில் வீடியோ கால் நடந்திருக்கிறது என்பது அவருக்கு அந்த லிஃப்டில்தான் தெரிந்தது. உத்தரவை மீறாத ஆள் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

சுகிர்தா கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "வாங்கப்பா", "ம்" என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் உள்ளே போனதும் கூடத்தில் அண்ணாச்சியும் புகழேந்தியும் மட்டும் மிஞ்சினார்கள். என்ன பேசுவது? மழையைப் பற்றிப் பேசினால் வெம்பக்கோட்டை வரும், வெம்பக்கோட்டை வந்தால் சம்பந்தி வருவார். அண்ணாச்சி கூடத்தை நோட்டம் விட்டு, மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த பெட்டியைக் கண்டுபிடித்தார்.

"நெட்டு வேகமெல்லாம் எப்பிடி?"

"பரவாயில்ல மாமா."

மாமா என்ற சொல் வந்து விழுந்தது. அண்ணாச்சி காபியோடு சேர்த்து அதை விழுங்கினார். தொண்டையில் ஒன்றும் சிக்கவில்லை.

"பாஸ்வேர்டு என்ன? நம்ம சைட்டு இங்கன வருதான்னு பாப்போம்."

புகழேந்தி போனை வாங்கக் கையை நீட்டினான். "நானே போட்டுத் தாரேன் மாமா."

"சொல்லுய்யா, எனக்கு அடிக்கத் தெரியும்."

வேறு வழியில்லை. அவன் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான். அண்ணாச்சி ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். கடைசி எழுத்து விழுந்ததும் மொத்தமாகக் கூட்டிப் படித்தார்: ஆங்கில எழுத்தில், 'ஓடிப்போனோம்'. பின்னால் ஒரு வருஷம். எந்த வருஷம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

புகழேந்தி எழுந்து நின்றான். பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிற பழக்கம் அன்றைக்கு ரொம்ப உதவியது.

"கனெக்ட் ஆயிருச்சு" என்றார் அண்ணாச்சி. ஊர் திரும்பும் வரை, சிக்னல் நன்றாக இருந்தும், அந்த வைஃபையிலேயே இருந்தார்.

கிளம்பும் முன் மகளிடம் ஒரு பேச்சு எடுத்தார். "அந்த டாட் காமை கம்பெனி பேருக்கு மாத்திரலாம்ல? உனக்கு எதுக்கு வருசா வருசம் தொந்தரவு."

"மாத்த மாட்டேன்" என்றாள் அவள், குழந்தைக்கு விக்கல் நிற்க முதுகைத் தடவிக்கொண்டே. "உங்க பேரு என் கையில இருக்கட்டும். நீங்க எங்கயும் போயிர மாட்டீங்க."

தொழிலில் இப்படி யாராவது பேசியிருந்தால் வக்கீலைப் பிடித்திருப்பார். அன்றைக்குப் பிள்ளையை ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்றார்.

அதன் பிறகு சர்வருக்கு அடிக்கடி ஏதாவது வந்தது. ஒரு மாதம் சர்வரைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஒரு மாதம் சர்வருக்குத் தடுப்பூசி, அதாவது வைரஸ் வராமல் இருக்க. அவர் போகும்போது பெட்டியில் பருத்தித் துணிச் சட்டைகளும் கிலுகிலுப்பையும் இருப்பதைக் காளீஸ்வரன் பார்த்தார், பார்க்கவில்லை. ஊரில் அண்ணாச்சியின் மதிப்பு ஏறியது. தொழிலை விட்டுக் கொடுக்காமல் சர்வர் வரைக்கும் நேரில் போய்ப் பார்க்கிற ஒரே முதலாளி என்று பேசிக்கொண்டார்கள். சிலர் தங்கள் சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்று பாலகுருவைக் கேட்டுத் துளைத்தார்கள். அவனும் அவரவர் வசதிக்கு ஏற்ப ஓர் ஊரைச் சொல்லி அனுப்பினான்.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் மூடிக் கிடந்த நாட்களில், வியாபாரிகள் மன்றத்தில் மணிகண்டராஜ் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சர்வரெல்லாம் மேகத்துல இருக்கும்பாகளே அண்ணாச்சி. நேர்ல போய்ப் பாக்க முடியுமா?"

"மேகம் எங்க இருக்கும்? வத்திப்போன நம்ம ஊர்லயா இருக்கும்? கோயம்புத்தூர்ல தான இருக்கும்."

"அடுத்த தடவை நானும் கூட வாரேன். பாப்போம்."

"எல்லாரையும் உள்ள விட மாட்டாக." அண்ணாச்சி அவசரமாகச் சொன்னார். "கையைக் கழுவிட்டுத்தான் போகணும். சத்தம் ஆகாது. தூங்குற நேரம் கிட்டயே போகக் கூடாது."

"சர்வர் தூங்குமா?"

"தூங்கும். முழிச்சா நாம தூங்க முடியாது."

"ஏ.சி. போட்டுத்தான வச்சிருப்பாக?"

"ஏ.சி. ஆகாதுன்னு டாக்டர்..." அண்ணாச்சி நாக்கைக் கடித்தார். "எஞ்சினியர் சொல்லிட்டாரு."

மணிகண்டராஜ் சிரிப்பார் என்று அவர் எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. முன்னால் இருந்த டீயைக் குடிக்காமல் தம்ளரைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் ஒண்ணு பெங்களூர்ல இருக்கு அண்ணாச்சி" என்றார் கடைசியில், மெதுவாக. "மூத்தவன் வச்சிருக்கான். அவன் போனதுல இருந்து நாங்க பேச்சுவார்த்தை இல்ல. போன வருசமே வந்திருச்சாம். நான் இன்னும் பாக்கலை."

அண்ணாச்சி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போய்ப் பாத்துட்டு வாங்க. நாளைக் கடத்தாதீக. சட்டைப் பையில பேனா, கண்ணாடி ஒண்ணும் வச்சுக்காதீக. பிடிச்சு இழுத்துப்புடும்."